நொரநாட்டியம் மாமா மாநாடு போனார்

எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் எதையாவது பார்த்து "நல்லா கீது" என்று சொன்னதை மந்தைவெளியில் உயிரோடு இருக்கிற ஒருத்தரும் கேட்டதில்லை. சாமியே நேரில் வந்து நின்றிருந்தாலும், "நாலு கை சரி, இத்தினி ஆயுதத்த வெச்சிகினு பஸ்ல எப்டி ஏறுவ?" என்றுதான் கேட்டிருப்பார். அப்பா அம்மா வைத்த பேர் அவருக்கு ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் நொரநாட்டியம் மாமா.

நொரநாட்டியம் என்றால் ஏதோ நடனம் என்று நினைத்துவிடாதீர்கள், பிள்ளைகளே. எதைக் கொடுத்தாலும் இது சொத்தை, அது சொள்ளை என்று குறை கண்டுபிடிக்கிற குணத்துக்கு அப்படி ஒரு பேர். உங்கள் வீட்டிலும் ஒருத்தர் இருப்பார். சாம்பாரில் உப்பு போதவில்லை என்பார், உப்பைக் கொடுத்தால் ஸ்பூன் சரியில்லை என்பார். எங்கள் மாமா அந்த ஸ்பூனைச் செய்த கம்பெனி வரைக்கும் போவார். திருவான்மியூரில் இருக்கிற மச்சான் பேச்சை எடுத்தால் அன்றைக்கு முழுக்க நிறுத்த மாட்டார்.

நான் மைக் செட் வேலை செய்கிறவன். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. அடையாறில் ஒரு பெரிய ஹாலில் மைக், ஸ்பீக்கர், மேடை விளக்கு, திரை எல்லாம் என் பொறுப்பு. மாமா யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், தொழிலைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் 'மைக்கு'. எதிர் வீட்டு பேங்க் மேனேஜர் 'பேங்கு'. பல் டாக்டரை அவர் எப்படிக் கூப்பிட்டார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் வண்டிக்கு நேர் எதிரே ஒரு மருந்துக்கடை. கடைக்குக் கண்ணாடிக் கதவு. அதில் பளபளவென்று நீளமான கைப்பிடி. கைப்பிடியைக் கண்டால் நம் கை என்ன செய்யும்? பிடித்து இழுக்கும். இழுத்தால் அந்தக் கதவு அசையாது. தள்ளணும். தினமும் பத்துப் பேராவது அந்தக் கதவோடு மல்லுக்கட்டுவார்கள். மாமா இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடியே இங்கிருந்து "தள்ளு சார், தள்ளு" என்று குரல் கொடுப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கடைக்குள்ளேயே போய்விட்டார்.

"இன்னா மொதலாளி, உன் கதவு எயுதப் படிக்கத் தெரிஞ்சவனுக்கு மட்டுமா?"

"அதான் 'தள்ளவும்'னு எழுதி ஒட்டியிருக்கே, பெரியவரே."

"கதவுக்கு எதுக்குய்யா எயுத்து? சோத்துத் தட்டுல 'துன்னவும்'னு எயுதியா வெக்கிற?"

மறுவாரத்தில் இருந்து மருந்துக்கடைக்காரரின் சட்டைகள் அடுத்த தெரு இஸ்திரி வண்டிக்குப் போயின. மாமா அசரவில்லை. கதவும் மாறவில்லை.

இன்னொரு நாள் மூன்றாவது மாடி பேங்க் மேனேஜர் வீட்டுக்குத் துணி கொடுக்கப் போனார். நல்ல வெயில். "கொஞ்சம் ஃபேன் போட்டுக்குங்க" என்றார் மேனேஜர். சுவரில் வரிசையாக எட்டு சுவிட்ச். எல்லாம் ஒரே மாதிரி, ஒரே வெள்ளை. மாமா அவற்றைப் பார்த்தார்.

"இதுல எது ஃபேனு, பேங்கு?"

மேனேஜர் வந்து ஒன்றைத் தட்டினார், வாசல் விளக்கு எரிந்தது. இன்னொன்றைத் தட்டினார், மிக்சி அலறியது. மூன்றாவதைத் தட்டியதும் உள்ளே குளித்துக்கொண்டிருந்த அவர் மனைவி இருட்டில் கத்தினார்.

"பதினேயு வருசமா இதே வூட்லதானே கீற?" என்றார் மாமா மிகவும் வருத்தமாக. "ஒனக்கே தெரியலன்னா இந்தப் பலகய போட்டவன் எப்டிப்பட்ட ஆளா இருப்பான்?"

மைக் வேலை இல்லாத நாளில் நான் ஒயரிங் வேலைக்கும் போவேன். அந்தப் பலகையைப் போட்டவன் நான்தான். இதை நான் மாமாவிடம் இன்று வரைக்கும் சொல்லவில்லை.

இப்படி அவர் குறை சொல்ல ஆரம்பித்தாலே ஜனங்களுக்கு அவசர வேலை வந்துவிடும். "சரி மாமா, குக்கர் வெச்சுட்டு வந்தேன்" என்று நழுவுவார்கள். குக்கரே இல்லாதவர்கள்கூட நழுவுவார்கள். பாதிக் குறை வாயிலேயே நிற்க, மாமா அடுத்த சட்டையை எடுத்து விரிப்பார்.

அந்த சமயத்தில்தான் எங்கள் வீட்டு மாடி ரூமுக்கு வெண்ணிலா குடிவந்தாள். தருமபுரிப் பக்கம். இங்கே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டரில் ஆராய்ச்சி செய்கிறாள் என்றார்கள். ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டு, புகை வருகிற கண்ணாடிக் குடுவை என்றுதான் எனக்குத் தெரியும். இவளிடம் ஒரு போனும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான் இருந்தன.

"அப்படி என்னம்மா ஆராய்ச்சி?" என்று கேட்டேன்.

"மனுஷங்களும் கம்ப்யூட்டரும் எப்படிப் பழகுறாங்கன்னு பாக்கறதுண்ணா. எங்க தடுமாறுறாங்க, எதனால வெறுத்துப் போறாங்க, எப்படிச் செஞ்சா சுலபமா இருக்கும்னு."

"எங்க தெருவுல மனுஷனும் மனுஷனுமே ஒழுங்கா பழகலையேம்மா."

"அதுக்கு வேற டிபார்ட்மென்ட் இருக்குண்ணா" என்றாள்.

வெண்ணிலா போனில் ஒரு ஆப் செய்திருந்தாள். போனைப் பார்த்து "தண்ணி லாரி எங்க?" என்று வாயால் கேட்டால், லாரி எந்தத் தெருவில் நிற்கிறது, எப்போது நம் தெருவுக்கு வரும் என்று அது வாயாலேயே பதில் சொல்லும். கோடையில் எங்களுக்குத் தண்ணி லாரி எவ்வளவு முக்கியம் என்பது சென்னைப் பிள்ளைகளுக்குத் தெரியும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உலையை வைக்கப் போனால் குடம் போயிருக்கும், குடத்தோடு நின்றால் உலை பொங்கியிருக்கும்.

அவள் வீடு வீடாகப் போய் ஆப்பைக் காட்டினாள். பயன்படுத்தச் சொல்லிவிட்டு, "எப்படி இருக்கு? ஏதாவது கஷ்டமா இருக்கா?" என்று கேட்டாள். எதிர் வீட்டு மாமி, "ரொம்ப நன்னா இருக்குடி. நீயே பண்ணினியா? சமத்து" என்று கேசரி கொடுத்தார். பக்கத்துத் தெருவில் மீன் விற்கும் அக்கா, "சூப்பரா கீதும்மா" என்று சொல்லி மோர் கொடுத்தார். என் மனைவியும் "பிரமாதம்" என்றாள். வந்திருக்கிற பெண் பிள்ளை கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறது, அதன் முகத்தைப் பார்த்து நன்றாக இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒரே மாதத்தில் வெண்ணிலா ரெண்டு சுற்றுப் பருத்தாள். ஆராய்ச்சி மட்டும் இளைத்துக்கொண்டே போனது. பிரமாதம் என்று சொன்ன ஒருத்தரும் அந்த ஆப்பைத் திரும்பத் தொடவில்லை. லாரி ஹாரன் கேட்டால்தான் பழையபடி குடத்தோடு ஓடினார்கள்.

கல்லூரியில் அவளுக்கு வழிகாட்டுகிற பேராசிரியர் ஒருத்தர் உண்டு. கொஞ்சம் கறாரான ஆள். "எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க, ஒருத்தரும் தொடமாட்டேங்கறாங்க. இதுல நீ என்னத்தக் கண்டுபிடிச்ச? ரெண்டு மாசத்துல அடையாறுல நம்ம துறை மாநாடு வருது. அங்க நீ பேசு. அதப் பாத்துட்டுத்தான் இந்த ஆராய்ச்சிய நீ தொடரலாமா, இத்தோட முடிச்சுக்கலாமான்னு சொல்வேன்" என்று சொல்லிவிட்டார். முடித்துக்கொள்ளச் சொன்னால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகவேண்டியதுதான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு அவள் அப்பா சொல்லி வைத்திருந்தார். டீச்சர் வேலை நல்ல வேலைதான். ஆனால் அவள் மனசு இதில் இருந்தது. இதை என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

மறுநாள் காலை துணி கொடுக்க வண்டிக்கு வந்தாள். நானும் என் சட்டைக்காக நின்றிருந்தேன். மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, மூஞ்சி கசங்கிக் கீது? துணி கசங்குனா நான் பாத்துக்குவேன். மூஞ்சிக்கு இன்னா பண்ண?"

"ஒண்ணும் இல்லண்ணா. நான் செஞ்ச ஆப் யாருக்கும் உதவலை."

"அத்த இப்டி குடு."

இடது கையில் போனை வாங்கினார். வலது கை பெட்டியை விடவில்லை. ஆப்பைத் திறந்ததும் அது "வணக்கம். உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்று ஆரம்பித்தது.

"இது வரவேத்து முடிக்கறதுக்குள்ள லாரி கெளம்பிப் பூடும். கல்யாண வூடா இது? தோ, இது இன்னா படம், குச்சி ஐஸா?"

"அது மைக் படம்ணா. அதத் தொட்டுட்டுப் பேசணும்."

"மைக்கா? யோவ் மைக்கு, நீ மேடைல குடுக்கற மைக்கு இப்டியா கீது?"

நான் யோசித்துப் பார்த்தேன். பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு மைக்கை நான் கையால் தொட்டதில்லை. "இல்ல மாமா" என்றேன்.

மாமா போனிடம் "லாரி எங்க கீது?" என்று கேட்டார். அது "மன்னிக்கவும். தெளிவாக மீண்டும் கூறவும்" என்றது.

"நான் தெளிவாத்தான் பேசறேன். நீ மொதல்ல ஒயுங்கா கேளு" என்று அதனோடு சண்டைக்குப் போனார். பிறகு வெண்ணிலா பக்கம் திரும்பினார். "பாப்பா, தப்பா ஒண்ண அமுக்கிட்டா வந்த வயியே திரும்பிப் போக வயியே இல்ல. முட்டுச் சந்துல மாட்டுன ஆட்டோ மாதிரி கீது. அப்பால..."

அங்கே நிறுத்திவிட்டார். வெண்ணிலா நோட்டுப் புத்தகத்தில் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்னா எயுதிகினு கீற?"

"நீங்க சொல்றதத்தாண்ணா."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தையும். மேல சொல்லுங்க."

மாமா பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்தார். வண்டியில் நிற்கையில் பேசுவதற்காக அவர் பெட்டியை ஓரம் வைத்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வண்டிக்கு அடியில் இருந்து தன் ஸ்டூலை இழுத்து, தோள் துண்டால் அதைத் துடைத்தார். "குந்து பாப்பா" என்றார். அவள் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதினாள். அவளுக்குக் குக்கர் ஞாபகம் வரவே இல்லை.

கடைசியில் வெண்ணிலா கேட்டாள். "நீங்க சொல்ற மாதிரி மத்தவங்க ஏண்ணா சொல்லல?"

"நீ செஞ்சது, நீயே போயி கேட்டா எவன் சொல்லுவான்? கேசரி குடுத்து அனுப்பிருவாங்க. கேக்கறதுக்கு ஒரு மொற கீது. 'ஒனக்கு வருதா'ன்னு கேக்காத. 'ஒன் நாத்தனாருக்கு இது வருமா'ன்னு கேளு. அப்பறம் பாரு."

வெண்ணிலா அன்றைக்கே எதிர் வீட்டு மாமியிடம் போய், "மாமி, உங்க நாத்தனாருக்கு இது வருமா?" என்று கேட்டாள்.

"அவளுக்கா? சான்ஸே இல்ல" என்று மாமி வசதியாக உட்கார்ந்துகொண்டார். "இந்த எழுத்தெல்லாம் அவளுக்கு எறும்பு ஊர்றாப்ல இருக்கும். அவ பேசிண்டே இருக்கச்சே நடுவுல கட் பண்ணிடறது. மனசு கஷ்டப்படாதோ? யார்கிட்டயாவது கேக்கலாம்னா, ஆத்துல ஒருத்தருக்கும் சொல்லித்தரப் பொறுமை இல்ல. நமக்கு வயசாயிடுத்துன்னு நினைச்சுண்டுடுவாளோன்னு பேசாம இருந்துடறா பாவம்."

முக்கால் மணி நேரம் அந்த நாத்தனாரின் கஷ்டங்கள் வந்தன. மாமிக்கு நாத்தனாரே கிடையாது. இது எங்கள் தெரு முழுக்கத் தெரியும்.

மீன் அக்கா தன் ஓரகத்திக்கு வராது என்று சொன்னார். என் மனைவி தன் அக்காவுக்கு வராது என்று சொல்லிவிட்டு, அந்த அக்கா படுகிற பாட்டை விவரமாகச் சொன்னாள். நோட்டு நிரம்பியது. வெண்ணிலா ஆப்பைப் பிரித்து மறுபடி கட்டினாள். மாநாட்டில் பேசுவதற்கும் விஷயம் கிடைத்துவிட்டது. அதற்கு அவள் வைத்த பேர் 'நாத்தனார் முறை'. அதை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, கீழே யார் நாத்தனார் என்று விளக்கமும் போட்டாள்.

"மாநாட்டுக்கு நீங்க வரணும்ணா. மேடையில என் பக்கத்துல நிக்கணும்" என்று மாமாவைக் கேட்டாள்.

"நான் எதுக்கு பாப்பா? ஏசி போட்டு சாவடிப்பானுங்க" என்றார் மாமா. சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து தன் வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து அன்று சாயங்காலமே தேய்த்து வைத்தார்.

மாநாடு என் ஹாலில்தான் நடந்தது. வாசலில் எல்லாருக்கும் கழுத்தில் கயிறு போட்டு ஒரு அட்டை மாட்டினார்கள். அதில் பேர், கீழே எந்த நிறுவனம் என்று இருக்கும். மாமாவின் அட்டையில் நிறுவனத்துக்கு நேராகக் காலியாக இருந்தது. மாமா நகரவில்லை. "எயுது" என்றார். வரவேற்பில் இருந்த பெண், "என்ன எழுதணும் சார்?" என்று கேட்டது. "இஸ்திரி வண்டி, மருந்துக்கட எதிர்ல" என்றார். அப்படியே எழுதிக் கொடுத்தார்கள்.

ரெண்டு அடி நடந்திருப்பார். அட்டை திரும்பிக்கொண்டு வெற்றுப் பக்கம் தெரிந்தது. மாமா நின்று சுற்றிலும் பார்த்தார். ஹாலில் பாதிப் பேருக்கு அட்டை திரும்பிக் கிடந்தது. எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியரின் அட்டையைப் பிடித்துத் திருப்பிவிட்டு, "ரெண்டு பக்கமும் பேரு போட்டா இன்னா கேடு?" என்றார். வெண்ணிலா அதை மொழிபெயர்த்தாள். அந்த மனிதர் தன் அட்டையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பையில் இருந்து பேனாவை எடுத்து அட்டையின் பின்பக்கம் தன் பேரை எழுதிக்கொண்டார்.

காலையில் முதலில் ஒரு பெரியவர் பேசினார். திரையில் ஒரு கதவின் படத்தைப் போட்டார். கைப்பிடி வைத்த கதவு, ஆனால் தள்ளணும். இதனால் மனித மனம் எப்படிக் குழம்புகிறது என்று நாற்பது நிமிஷம் விளக்கினார். எல்லாரும் குறிப்பு எடுத்தார்கள்.

நான் மைக் சத்தத்தை ஏற்றி இறக்குகிற மிக்சர் பக்கம் மாமா வந்து குனிந்து, "மைக்கு, இத்த நான் மருந்துக்கடக்காரன்கிட்ட ஒரே நிமிசத்துல சொன்னேன். இவருக்கு ஏன் இம்மா நேரம்?" என்றார்.

"இவர் படிச்சவர் மாமா."

"அதான் லேட்டாவுது."

மத்தியானச் சாப்பாடு நின்றுகொண்டே சாப்பிடுகிற வகை. ஒரு கையில் தட்டு, ஒரு கையில் ஸ்பூன், தண்ணி டம்ளருக்குக் கை இல்லை. "மனுசனுக்கும் மெசினுக்கும் ஆராய்ச்சி பண்றானுங்க. மனுசனுக்கு எத்தினி கைன்னு மொதல்ல பாக்க வேணாமா?" என்று மாமா எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல உற்சாகத்தில் இருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பேச்சு வெண்ணிலாவுடையது.

அப்போதுதான் அது நடந்தது. எனக்கும் மாமாவுக்கும் முன்னால் தட்டோடு நின்ற வெண்ணிலாவின் பேராசிரியர், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "நல்ல பொண்ணுதான். ஆனா இன்னிக்கு மேடையில சொதப்பினான்னா இத்தோட முடிச்சு ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான். அவகிட்டயே சொல்லிட்டேன்."

மாமாவுக்கு இந்த விஷயம் அதுவரை தெரியாது. நாங்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை. பாதிச் சாப்பாட்டோடு தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"மெய்யா மைக்கு? பாப்பாவ அனுப்பிருவானா?"

"அதெல்லாம் ஆகாது மாமா. நீங்க எப்பவும் போல பேசுங்க, போதும்."

மேடை ஓரத்தில் அவர் சட்டையில் நான் காலர் மைக்கை மாட்டினேன். தேய்த்த சட்டையில் கிளிப்பைக் கடிக்கவிட்டதற்கு அவர் என்னைக் கடித்துக் குதறியிருக்க வேண்டும். ஒன்றுமே சொல்லவில்லை.

வெண்ணிலா இங்கிலீஷில் பேசினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. கேசரி, மோர் எல்லாம் திரையில் படமாக வந்தன, ஜனங்கள் சிரித்தார்கள். நாத்தனார் முறை வந்தது. பிறகு மாமாவைக் காட்டி, "எங்க தெருவுல முகத்துக்கு நேரா உண்மையைச் சொன்ன ஒரே ஆள் இவர்தான். புதுசா மாத்தின ஆப்பை இவர் இன்னும் பாக்கல. இப்ப உங்க முன்னாடியே இவர்கிட்ட கேக்கப்போறேன்" என்றாள். போனை அவர் கையில் கொடுத்தாள். போனில் தெரிவது திரையிலும் பெரிதாகத் தெரிந்தது.

மாமா தொட்டார், பேசினார், தேடினார். லாரி பத்து நிமிஷத்தில் வரும் என்று அது சொன்னது.

"எப்படிண்ணா இருக்கு? மனசுல பட்டதச் சொல்லுங்க."

மாமா முதல் வரிசையைப் பார்த்தார். அங்கே பேராசிரியர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். மாமா எச்சில் விழுங்கிய சத்தத்தைக் காலர் மைக் ஹால் முழுக்கக் கொண்டுபோனது.

"நல்லா கீது, பாப்பா."

வெண்ணிலாவின் முகம் வெளுத்துப்போனது.

"ஒரு கொறையும் இல்ல. அம்சமா கீது. இம்மா நல்லா ஒரு பொருள நான் பாத்ததே இல்ல."

என் கை வழுக்கி மிக்சரில் எதையோ ஏற்றிவிட்டேன், ஸ்பீக்கர் கொய்யென்று கத்தியது. இறக்கினேன். அதற்குப் பிறகு ஹாலில் ஒரு சத்தம் இல்லை. மூன்றாவது வரிசையில் யாரோ இருமினார்கள். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். என் தொழிலில் ஐந்து விநாடி மௌனம் என்றால் ஏதோ ஒயர் அறுந்துவிட்டது என்று அர்த்தம். கேசரி கொடுத்த மாமி சொன்னதையே இவரும் சொல்லிவிட்டார், இங்கே அறுந்தது அந்தப் பெண்ணின் ஒரு வருஷ உழைப்பு.

வெண்ணிலா மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக அவள் முகம் மாறியது.

"சந்தோஷம்ணா" என்றாள். "திருவான்மியூர்ல உங்க மச்சான் இருக்காரே. அவருக்கு இது வருமா?"

"அவனுக்கா?"

மாமாவின் முதுகு நிமிர்ந்தது.

"அவனுக்கு எங்கேந்து வரும்? அவன் வெரலு ஒவ்வொண்ணும் முருங்கக்கா. இந்த ரெண்டு பொத்தானயும் ஒட்டி வெச்சிக்கீற. ஒண்ணத் தொட்டா ரெண்டும் அமுங்கும். அப்பறம், அவன் வெயில்ல நிக்கற ஆளு. வெயில்ல இத்தப் பாத்தா ஒண்ணும் தெரியாது, அவன் மூஞ்சிதான் தெரியும். அத்த யாரு பாக்கறது? பத்து நிமிசத்துல லாரி வரும்னு சொல்லுது. பத்து நிமிசம் கயிச்சி கேட்டா திரும்பவும் பத்து நிமிசம்னுது. மெய்யாலுமே தெரியலன்னா 'தெரியல'ன்னு சொல்ல இந்த மெசினுக்கு வாய் வர்ல. தெரியலன்னு சொல்லிட்டா அவன் போயி சோறாவது துன்னுட்டு வருவான் இல்ல?"

வெண்ணிலா ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனாள். ஹால் குலுங்கியது. அந்த வெள்ளைக்காரர் எழுதினார். கதவுப் பெரியவர் எழுதினார். பேராசிரியர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் பேனா கடன் கேட்டார்.

பதினோராவது குறையில் வெண்ணிலா, "போதும்ணா" என்றாள்.

"இன்னும் கீது பாப்பா."

"போதும்ணா."

பிறகு அவள் ஹாலைப் பார்த்து இங்கிலீஷில் நாலு வாக்கியம் சொன்னாள். அது எனக்கு முழுசாகப் புரிந்தது. "இந்த உலகத்திலேயே குறை சொல்றதுல இவரை மிஞ்ச ஆள் இல்லை. இவரே இன்னிக்கு எனக்காகப் பொய் சொல்லிட்டார். ஜனங்க நம்மகிட்ட பொய் சொல்றது நம்ம மேல இருக்கற பாசத்தால. அந்தப் பாசத்தையும் கெடுக்காம உண்மையை எப்படிக் கேக்கறதுங்கறதுதான் என் ஆராய்ச்சி."

கைதட்டல் எழுந்தது. மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. குறையே சொல்லக்கூடாது என்று மேடை ஏறியவர் பதினொன்று சொல்லிவிட்டார், ஊரே சிரிக்கிறது. மேடையை விட்டு இறங்கி விறுவிறுவென்று வெளியே போனார். காலர் மைக்கும் அவரோடு போனது.

ஸ்பீக்கரில் செருப்புச் சத்தம் கேட்டது. டம்ளர் சத்தம் கேட்டது. "இன்னா டீ இது, கவுத்த ஊறவெச்ச தண்ணியாட்டம்" என்று கேட்டது. ஹால் மறுபடி சிரித்தது. பிறகு அவர் குரல், தனக்குத்தானே பேசுகிற குரல், ஹால் முழுக்கக் கேட்டது.

"போச்சு. பாப்பாவ நானே ஊருக்கு அனுப்பிட்டேன். ஆயுசுல ஒரே ஒரு தபா பொய் சொல்ல வந்தேன், அதுவும் ஒயுங்கா வர்ல."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு பொத்தானை இறக்கினால் அந்தச் சத்தம் நின்றிருக்கும். என் விரல் அதன்மேல்தான் இருந்தது. நான் இறக்கவில்லை. வெண்ணிலா மைக்கை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். அதற்குள் அவர் காலர் மைக்கைக் கழற்றி டீக்காரரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். போன் போட்டோம், அணைத்து வைத்திருந்தார். கோட்டூர்புரத்தில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம், பூட்டியிருந்தது. மச்சான் வீட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வண்டியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் என் சட்டைகளைத் தேய்த்து மடித்து ஓரத்தில் வைத்திருப்பதாகக் கண்ணால் காட்டினார். வெண்ணிலா வந்து வண்டிக்கு முன்னால் நின்றாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"இன்னிக்கே ஊருக்கா?"

"இல்லண்ணா."

"நாளைக்கா?"

"போகலண்ணா. தொடரச் சொல்லிட்டாங்க. உங்க மச்சான் சொன்ன பதினொண்ணையும் சரி பண்ணிட்டு அடுத்த மாநாட்டுக்கும் வரச் சொன்னாங்க."

"அவன் எப்ப சொன்னான்?" என்றார் மாமா.

வெண்ணிலா சிரித்தாள், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா அவளைப் பார்த்தார். மருந்துக்கடைப் பக்கம் பார்த்தார். ஏதாவது குறை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து, கைக்கு வந்த ஒரு சட்டையை எடுத்து விரித்து, தலை நிமிராமல் தேய்க்க ஆரம்பித்தார். பெட்டி ஒரே இடத்தில் போவதும் வருவதுமாக இருந்தது.

அது அவர் ஏற்கெனவே தேய்த்து மடித்து வைத்திருந்த என் சட்டை. வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவர் தேய்த்து முடிக்கட்டும் என்று நின்றேன்.